வெளிநாட்டில் ஓரிரு ஆண்டு தங்க எந்த நாடு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலைக்கான ஆர்டர் கையில் இருப்பவர்களுக்கும் மேற்படிப்புக்குப் போகிறவர்களுக்கும் நாடு ஏற்கெனவே முடிவாகிவிட்டது. அவர்களுக்கு இந்தப் பக்கம் தேவைப்படாது. லேப்டாப் இருந்தால் எங்கிருந்தும் சம்பாதிக்கலாம் என்ற நிலையில் உள்ளவர்கள், பணி ஓய்வு பெற்றவர்கள், கொஞ்ச காலம் வேறு ஊரில் இருந்துதான் பார்ப்போமே என்று நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. கணக்கு எல்லாம் இந்தியப் பாஸ்போர்ட்டை வைத்துத்தான். இலங்கைப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு இங்கே சொல்லும் விசா விலக்கு விவரங்கள் பொருந்தாது. விதிகள் அடிக்கடி மாறுவதால், பணம் கட்டுவதற்கு முன் அந்தந்த நாட்டுக் குடிநுழைவுத் துறையின் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வாழ்வதற்கு எந்த நாடு நல்லது?

அந்த நாட்டில் நீங்கள் யாராக இருக்கப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஒரு நாடு வெளிநாட்டவரை நீண்ட நாள் தங்கவிடுவதற்குக் காரணங்கள் சில உண்டு: வேலை, படிப்பு, திருமணம், முதலீடு, வெளிநாட்டிலிருந்து வரும் வருமானம், வயது. இவற்றில் உங்களிடம் எது இருக்கிறதோ அதற்கு விசா கொடுக்கும் நாடுகள் மட்டுமே உங்கள் பட்டியல். கடற்கரை, வாடகை, சாப்பாடு எல்லாம் அதற்குப் பிறகு.

வியட்நாமையே எடுத்துக்கொள்ளுங்கள். செலவு குறைவு, ஊர் அழகு, இணைய வேகத்துக்கும் குறைவில்லை. 2023 ஆகஸ்ட் முதல் 90 நாள் இ-விசா கொடுக்கிறார்கள். ஆனால் ஓய்வு பெற்றவருக்கென்றோ, வெளிநாட்டுக் கம்பெனிக்கு வேலை பார்ப்பவருக்கென்றோ தனி விசா கிடையாது. டா நாங்கில் மனதைப் பறிகொடுத்தவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். யாரும் நினைத்துப் பார்க்காத மொரிஷியஸோ மாதம் 1,500 டாலர் வருமானம் காட்டினால் ஓராண்டு இருக்கச் சொல்கிறது.

யூடியூபில் எல்லோரும் ஜார்ஜியாவுக்குப் போகச் சொல்கிறார்களே?

அவர்கள் கையில் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் இருக்கிறது என்று பாருங்கள். ஜார்ஜியா 90-க்கும் மேற்பட்ட நாட்டவருக்கு விசா இல்லாமல் ஒரு முழு ஆண்டு தங்க அனுமதி தருகிறது. அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. நமக்கு விசா வேண்டும். அமெரிக்கா, பிரிட்டன், ஐரோப்பாவின் பொது விசாப் பகுதியான ஷெங்கன் போன்றவற்றின் செல்லுபடியாகும் விசாவோ வளைகுடாவின் குடியிருப்பு அனுமதியோ இருந்தால் 90 நாள் நுழையலாம், அவ்வளவுதான். ஐரோப்பியரும் அமெரிக்கரும் போடும் "சிறந்த பத்து நாடுகள்" பட்டியல்களில் பாதி இப்படித்தான் நமக்கு உதவாது.

தாய்லாந்தின் ஐந்தாண்டு விசா உண்மையா?

உண்மைதான், ஆனால் பெயரில் கொஞ்சம் மயக்கம் இருக்கிறது. 2024 ஜூலையில் வந்த 'டெஸ்டினேஷன் தாய்லாந்து விசா', சுருக்கமாக டிடிவி, ஐந்து ஆண்டு செல்லும். ஆனால் ஒவ்வொரு முறை நுழையும்போதும் 180 நாள்தான். உள்ளேயே ஒருமுறை நீட்டிப்பு கேட்கலாம். இல்லையென்றால் வெளியே போய்த் திரும்பி வரலாம். வயது 20 ஆகியிருக்க வேண்டும். கணக்கில் 5 லட்சம் பாட் இருப்பதைக் காட்ட வேண்டும். வெளிநாட்டு வேலை என்பதற்குக் கம்பெனிக் கடிதமோ ஒப்பந்தமோ வேண்டும். தாய் குத்துச்சண்டை, சமையல் வகுப்பு, மருத்துவச் சிகிச்சை என்ற காரணங்களுக்கும் இதே விசா உண்டு. கணவன் அல்லது மனைவி, 20 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் சேர்ந்து வரலாம். அப்பா அம்மாவுக்கு இதில் இடமில்லை. தாய்லாந்துக்குள் இருந்துகொண்டு விண்ணப்பிக்க முடியாது. சென்னையிலேயே அவர்களுடைய துணைத் தூதரகம் இருப்பது நமக்கு வசதி.

இதை வைத்துக்கொண்டு தாய்லாந்துக் கம்பெனியில் வேலை பார்க்க முடியாது, வங்கிக் கணக்குத் தொடங்குவதும் சிரமம்.

50 வயதைத் தாண்டியவர்களுக்கு ஓய்வுக்கால விசா தனியாக உண்டு. தாய்லாந்து வங்கியில் 8 லட்சம் பாட் வைப்பு அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் காட்ட வேண்டும். 90 நாளுக்கு ஒருமுறை முகவரியைத் தெரிவிக்க வேண்டும். ஊருக்கு வருவதென்றால் கிளம்பும் முன் மறுநுழைவு அனுமதி வாங்கியே ஆக வேண்டும். அதை மறந்து விமானம் ஏறினால் வாங்கிய நீட்டிப்பு அத்தோடு போய்விடும்.

வீடு வாங்கும் எண்ணத்தைத் தள்ளிப்போடுங்கள். வெளிநாட்டவர் நிலம் வாங்க முடியாது. அடுக்குமாடிக் குடியிருப்பில் மொத்தப் பரப்பில் 49 சதவீதம் வரை வெளிநாட்டவர் பெயரில் இருக்கலாம். உள்ளூர்க்காரர் பெயரில் நிலம் வாங்கித் தருகிறேன் என்று வரும் புரோக்கரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

மலேசியாதானே நமக்குப் பொருத்தம்?

பழகிய இடம் என்ற வகையில் ஆம். ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள், மின்னல் எஃப்எம் தமிழ் வானொலி, பினாங்கிலும் பத்துமலையிலும் தைப்பூசம், திருச்சியிலிருந்தே நேரடி விமானம். பேங்காக்கில் மருத்துவரிடம் வயிற்றுவலியை விளக்கக் கைஜாடை தேவைப்படலாம். பினாங்கின் ஜார்ஜ் டவுனில் தமிழ் பேசும் மருத்துவரைத் தேடுவது அவ்வளவு கடினமில்லை. வயதானவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

சிக்கல் விசாவில்தான். 2002 முதல் நடக்கும் 'மலேசியா எனது இரண்டாவது இல்லம்' திட்டம் ஒரு காலத்தில் நடுத்தர வர்க்கத்துக்கும் எட்டியது. 2021-இல் கடுமையாக்கினார்கள். 2024-இல் மூன்று அடுக்காகப் பிரித்தார்கள். கீழ் அடுக்கான வெள்ளிக்கே 1.5 லட்சம் டாலர் வைப்புத்தொகை, அதற்கு மேல் 6 லட்சம் ரிங்கிட்டுக்குக் குறையாத வீடு. தங்க அடுக்குக்கு 5 லட்சம் டாலர், பிளாட்டினத்துக்கு 10 லட்சம் டாலர் வைப்பு. வெள்ளி அடுக்குக்கே நம் பணத்தில் இரண்டு கோடியைத் தாண்டும். ஊரில் இருக்கும் ஒரே வீட்டை விற்று இதற்குப் போடுவதாக யாராவது சொன்னால் நான் தடுப்பேன். ஐந்து ஆண்டு அனுமதிக்காகப் பெரும்பணத்தை வேறொரு நாட்டில் முடக்குவது மிஞ்சிய பணம் உள்ளவர்கள் செய்ய வேண்டியது. சரவாக் மாநிலம் தனக்கென்று தனித் திட்டம் வைத்திருக்கிறது, அதையும் பாருங்கள்.

வேலை பார்க்கும் வயதினருக்கு வழி வேறு. ரிமோட் வேலை பார்ப்பவர்களுக்காக 2022 அக்டோபரில் வந்த 'டி ரன்தாவ்' நோமாட் பாஸுக்கு, ஐடி துறையினர் ஆண்டுக்கு 24,000 டாலர் வருமானம் காட்டினால் போதும். மற்றத் துறையினருக்கு 60,000 டாலர். ஓராண்டு வரை கொடுத்து இன்னோர் ஆண்டு நீட்டிக்கிறார்கள். சென்னையில் நல்ல சம்பளம் வாங்கும் ஒரு சாப்ட்வேர் பொறியாளருக்கு இது எட்டும் தூரம்தான்.

சிங்கப்பூரை ஏன் விட்டுவிட்டீர்கள்?

தமிழ் ஆட்சிமொழியாக இருக்கும் நாடுதான். ஆனால் ஓய்வு பெற்றவருக்கோ லேப்டாப்காரருக்கோ அங்கே விசா கிடையாது. உள்ளூர் கம்பெனி வேலை கொடுத்தால்தான் எம்ப்ளாய்மென்ட் பாஸ். 2025 முதல் அதற்குக் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 5,600 சிங்கப்பூர் டாலர், வயது கூடக்கூட இன்னும் அதிகம். மகனோ மகளோ அங்கே மாதம் 12,000 சிங்கப்பூர் டாலர் சம்பாதித்தால் பெற்றோருக்கு நீண்டகால வருகை அனுமதி கேட்கலாம்.

மொரிஷியஸ்? அங்கே போய் என்ன செய்வது?

என்னைக் கேட்டால் தமிழர்கள் அதிகம் கவனிக்காமல் விட்ட நாடு இது. அங்கே 2020-இல் தொடங்கிய பிரீமியம் விசா உண்டு. இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம், ஓராண்டுக்குத் தருகிறார்கள், புதுப்பிக்கலாம். மாதம் 1,500 டாலர் வெளிநாட்டு வருமானம், தங்குமிடம், காப்பீடு, திரும்பிவரும் டிக்கெட் ஆகியவற்றைக் காட்ட வேண்டும். உள்ளூரில் வேலை பார்க்கக் கூடாது. நேர வித்தியாசம் இந்தியாவைவிட ஒன்றரை மணி நேரம்தான் பின்னே என்பதால், சென்னை அலுவலகத்தின் காலை பத்து மணி மீட்டிங்குக்கு அங்கே எட்டரைக்கு உட்கார்ந்தால் போதும். ஐரோப்பாவிலிருந்து இதைச் செய்வதென்றால் கோழி கூவுமுன் எழ வேண்டியிருக்கும்.

அங்கே ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறது. 1998-இல் புதிய நோட்டுகளில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கி அச்சடித்தபோது அங்குள்ள தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள். அந்த நோட்டுகளையே அரசு திரும்பப் பெற்றது. தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை. ஆனால் தெருவில் தமிழ் கேட்கும் என்று நம்பிப் போகாதீர்கள். தமிழ் வம்சாவளியினர் வீட்டில் பேசுவது பெரும்பாலும் கிரியோல். தமிழ் கோயிலிலும் சடங்கிலும் பள்ளிப் பாடத்திலும் இருக்கிறது. தீவு என்பதால் பல பொருள்கள் இறக்குமதி, மளிகைச் செலவு கூடும். நவம்பர் முதல் மே வரை புயல் காலம்.

பாலி?

ரிமோட் வேலைக்கான இ33ஜி விசா உண்டு, ஓராண்டு. ஆண்டு வருமானம் 60,000 டாலர் கேட்கிறார்கள். அந்த வருமானம் உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல வழிகள் இருக்கின்றன.

போர்ச்சுகல் போனால் ஐரோப்பியக் குடியுரிமை வரை போகலாமாமே?

அதை நம்பி இப்போது கிளம்பாதீர்கள். ரிமோட் வேலை பார்ப்பவர்களுக்காக 2022 அக்டோபரில் வந்த டி8 விசாவுக்கு அந்நாட்டுக் குறைந்தபட்ச ஊதியத்தைப் போல நான்கு மடங்கு மாத வருமானம் வேண்டும். 2025 கணக்கில் அது 3,480 யூரோ. ஓய்வூதியம், வாடகை போன்ற வருமானம் உள்ளவர்களுக்கான டி7-க்கு ஒரு மடங்கு, அதாவது அதே 2025 கணக்கில் 870 யூரோ போதும். தொகை சிறிதுதான். ஆனால் விண்ணப்பிக்கும் முன்பே அங்கே வரி எண், வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம் எல்லாம் தயாராக இருக்க வேண்டும். 2023 அக்டோபரில் பழைய குடிநுழைவுத் துறையைக் கலைத்து ஐமா என்ற புதிய அமைப்பைக் கொண்டுவந்தபோது, தீராத கோப்புகள் லட்சக்கணக்கில் அதன் தலையில் விழுந்தன. வெளிநாட்டவரை ஈர்த்த பழைய வரிச்சலுகையும் 2024-இலிருந்து புதியவர்களுக்குக் கிடையாது. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். அந்தப் பாஸ்போர்ட்டை வாங்கும் நாளில் இந்தப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டைக்கு வரிசையில் நிற்க வேண்டும்.

விசாவே தேவையில்லாத நாடு ஒன்றும் இல்லையா?

நேபாளம். 1950-இல் கையெழுத்தான இந்திய-நேபாள உடன்படிக்கையின்படி இந்தியர்கள் அங்கே விசா இல்லாமல் வசிக்கலாம், தொழில் செய்யலாம். காத்மாண்டு, போக்ராவில் ஆறு மாதம் இருந்து பார்க்க நினைப்பவருக்கு இதைவிட எளிய வழி இல்லை. மார்கழி, தை மாதங்களில் குளிர் நடுக்கும்.

சுற்றுலா விசாவில் போய் அறையிலேயே வேலை பார்த்தால் யாருக்குத் தெரியும்?

பெரும்பாலும் தெரியாமல்தான் போகும். மாட்டிக்கொள்ளும் இடம் விமான நிலையம். மலேசியா 2023 டிசம்பர் முதல் நமக்கு 30 நாள் விசா விலக்கு கொடுத்தது, தாய்லாந்து 2024 ஜூலையில் 60 நாள் கொடுத்தது. எல்லையைத் தாண்டிவிட்டு மறுநாளே திரும்பி நுழைவதை அதிகாரிகள் பாஸ்போர்ட் முத்திரையிலேயே படித்துவிடுவார்கள். இரண்டு மூன்று முறைக்குப் பிறகு உள்ளே விட மறுத்தால் கேட்க நாதி இல்லை. வாடகை முன்பணம், சாமான், செல்லப் பிராணி எல்லாம் எல்லைக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொள்ளும். கம்பெனிக்குத் தெரியாமல் வேறு நாட்டிலிருந்து லாகின் செய்வது இன்னொரு வம்பு. எச்ஆரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். நீங்கள் அங்கிருந்து வேலை பார்ப்பதால் கம்பெனிக்கே அந்த நாட்டில் வரிப் பொறுப்பு வரலாம் என்பதால்தான் பல கம்பெனிகள் 'முடியாது' என்கின்றன.

வரி எங்கே கட்ட வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

இந்தியாவின் நிதியாண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை. அதில் 182 நாள் அல்லது அதற்கு மேல் இங்கே இருந்தால் நீங்கள் இந்தியாவில் வசிப்பவர், உலகில் எங்கே சம்பாதித்தாலும் இங்கே கணக்குக் காட்ட வேண்டும். வெளிநாட்டு வேலைக்காகக் கிளம்புகிறவர் செப்டம்பர் 28-க்குள் புறப்பட்டு அந்த நிதியாண்டில் திரும்பாமல் இருந்தால் 182-ஐத் தொடமாட்டார். வேலைக்காக அல்லாமல் சும்மா தங்கப் போகிறவருக்கு இந்த 182 நாள் சலுகை இல்லை. முந்தைய நான்கு ஆண்டுகளில் 365 நாள் இந்தியாவில் இருந்தவர், இந்த ஆண்டில் 60 நாள் இருந்தாலே மாட்டிக்கொள்வார். சென்னைக் கம்பெனியின் வேலையைத் தாய்லாந்தின் சியாங் மாயிலிருந்து பார்ப்பது 'வெளிநாட்டு வேலை' ஆகுமா என்பதில் ஆடிட்டர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் ஆடிட்டரிடம் கிளம்பும் முன் கேளுங்கள், திரும்பிய பின் அல்ல. இன்னொன்று: வெளிநாட்டில் வசிப்பவர் ஆகிவிட்டாலும், சம்பளம் நேராக இந்திய வங்கிக் கணக்கில் விழுந்தால் அது இந்தியாவில் பெற்ற வருமானம் என்று வரிக்குள் வரும்.

அந்தப் பக்கம் கணக்கு வேறு மாதிரி. தாய்லாந்து, மலேசியா, மொரிஷியஸ் மூன்றும் ஏறக்குறைய அரை ஆண்டு தங்கினால் வரிக்கு உள்ளூர்க்காரராக எடுத்துக்கொள்கின்றன (தாய்லாந்தில் ஜனவரி முதல் டிசம்பருக்குள் 180 நாள்). வெளிநாட்டில் ஈட்டி உள்ளே கொண்டுவரும் பணத்துக்குத் தாய்லாந்து 2024 முதல் வரி கேட்கிறது. தனிநபர்கள் கொண்டுவரும் வெளிநாட்டு வருமானத்துக்கான வரிவிலக்கை மலேசியா, சில நிபந்தனைகளோடு, 2036 வரை நீட்டித்திருக்கிறது. இந்த நாடுகளோடு இந்தியாவுக்கு இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் உண்டு. ஆனால் அது தானாக வேலை செய்யாது. அந்த நாட்டு வரித்துறையிடம் வசிப்பிடச் சான்று வாங்கி, இங்கே படிவம் தாக்கல் செய்தால்தான் பலன்.

"துபாயில் வருமான வரியே இல்லையே" என்பவர்களுக்கு: எந்த நாட்டிலும் வரி கட்டக் கடமைப்படாத இந்தியக் குடிமகனுக்கு இந்திய மூல வருமானம் 15 லட்சத்தைத் தாண்டினால், அவரை இந்தியாவில் வசிப்பவராகவே கருதும் விதி 2020 நிதிச் சட்டத்தில் வந்துவிட்டது. ஊரில் வாடகையும் வட்டியும் நிறைய வருகிறவர்கள் கவனிக்க.

வங்கி விஷயத்தில் என்ன செய்ய வேண்டும்?

வசிப்பிடம் மாறியதும் சாதாரணச் சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வசிப்பவர் இந்திய வருமானத்துக்கு வைத்திருக்கும் என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். வெளிநாட்டில் ஈட்டியதைப் போட என்ஆர்இ கணக்கு, அதன் வட்டிக்கு இங்கே வரி இல்லை. பிபிஎஃப் கணக்கு ஏற்கெனவே இருந்தால் முதிர்வு வரை தொடரலாம், புதிதாகத் தொடங்க முடியாது.

இங்கே வசிப்பவராக இருக்கும்போது ஆண்டுக்கு 2.5 லட்சம் டாலர் வரை வெளியே அனுப்பலாம். 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் தொகைக்கு, படிப்பும் மருத்துவமும் அல்லாத காரணம் என்றால், வங்கி 20 சதவீதம் டிசிஎஸ், அதாவது முன்கூட்டியே வசூலிக்கும் வரி, பிடிக்கும். மலேசிய வைப்புக்காக 1.3 கோடி அனுப்பினால் 24 லட்சம் கூடுதலாகக் கையில் இருக்க வேண்டும். வரிக் கணக்கு தாக்கல் செய்து திரும்பப் பெறலாம், அதுவரை பணம் முடங்கும்.

இத்தனை பெரிய விஷயங்களைச் சரிசெய்துவிட்டு எல்லோரும் தடுக்கி விழுவது ஓடிபியில். வங்கியோடு இணைத்த சிம்மைக் குறைந்தபட்ச ரீசார்ஜில் உயிரோடு வைத்திருங்கள். ரோமிங்கில் எஸ்எம்எஸ் வருகிறதா என்று முதல் வாரத்திலேயே சோதியுங்கள்.

அப்பா அம்மாவுக்குச் சர்க்கரை, பிரஷர் இருக்கிறது. கூட்டிப்போகலாமா?

பயணக் காப்பீடு அவசரத்துக்குத்தான். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கான தொடர் சிகிச்சையைப் பெரும்பாலும் தராது. சர்வதேச மருத்துவக் காப்பீடு 65, 70 வயதுக்கு மேல் கிடைப்பதே அரிது, கிடைத்தாலும் பிரீமியம் மலைக்க வைக்கும். எனவே அவர்களை ஓரிரு மாதம் விருந்தாளியாக அழைத்துப் போவதும், பெரிய பரிசோதனைகளை ஊரிலேயே முடிப்பதும் நடைமுறைக்கு ஒத்துவரும். இங்குள்ள மருத்துவப் பாலிசியை "அங்கே பயன்படாதே" என்று நிறுத்திவிடாதீர்கள். திரும்பி வந்து புதிதாக எடுத்தால், பழைய நோய்களுக்கு மூன்று ஆண்டு வரை காத்திருப்புக் காலம் மறுபடி தொடங்கும். மாத்திரைகளை மருந்துச் சீட்டோடு மூல அட்டையிலேயே எடுத்துச் செல்லுங்கள். கோடீன், டிராமடால் கலந்தவை அமீரகத்தில் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை.

பிள்ளைகளின் படிப்பு?

ஐந்தாம் வகுப்புக்குள் என்றால் கவலைப்படாமல் போகலாம். சிபிஎஸ்இ 9, 10 இரண்டையும் ஒரே தொடராகவும் 11, 12 இரண்டையும் இன்னொரு தொடராகவும் நடத்துகிறது. நேரே பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டிலோ வந்து சேருவது கஷ்டம். ஆகவே எட்டு முடித்தோ பத்து முடித்தோ திரும்பும்படி திட்டமிடுங்கள். பள்ளிப் படிப்பைத் தமிழ்நாட்டுக்கு வெளியே முடித்தால், பொறியியல், மருத்துவக் கலந்தாய்வுக்கு நேட்டிவிட்டி சான்றிதழ் கேட்பார்கள். மலேசியத் தமிழ்ப் பள்ளிகள் அந்நாட்டுப் பிள்ளைகளுக்கான அரசுப் பாடத்திட்டப் பள்ளிகள். ஓராண்டுக்கு வருகிறவர்கள் அதை எண்ணித் திட்டம் போட வேண்டாம்.

பாஸ்போர்ட்டில் இசிஆர் என்று இருக்கிறது. பிரச்சினையா?

இசிஆர் என்பது வேலைக்குப் போகுமுன் அரசின் குடிபெயர்வு அனுமதி தேவை என்ற குறிப்பு. சுற்றுலாவுக்குப் பிரச்சினை இல்லை. வேலை விசாவில் போனால், மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா, வளைகுடா உட்பட 18 நாடுகளுக்குக் குடிபெயர்வு அனுமதி வேண்டும். பத்தாம் வகுப்புத் தேறியிருந்தால் சான்றிதழைக் காட்டி இசிஆர் இல்லாத பாஸ்போர்ட்டாக மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் எத்தனை நாள் இருந்து பார்ப்பது?

எத்தனை நாள் என்பதைவிட எந்த மாதம் என்பது முக்கியம். அந்த ஊரின் மோசமான பருவத்தில் போங்கள். டிசம்பரில் சியாங் மாயைப் பார்த்துவிட்டு ஓராண்டு வாடகை ஒப்பந்தம் போட்டவர்கள், பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வயல்வெளிகளும் காடும் எரியும் புகையில் முகக்கவசத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். மலேசியாவில் சில ஆண்டுகளில் ஜூலைக்கு மேல் சுமத்ராவின் காட்டுத்தீப் புகை வந்து சேரும். ஆஸ்துமா உள்ளவர்கள் இதைப் பார்க்காமல் ஊரைத் தேர்வு செய்யக் கூடாது. ஒரு மாதமாவது ஹோட்டலில் தங்காமல் வாடகை அறையில் தங்கி, சமைத்துச் சாப்பிட்டு, ஒரு முறையாவது உள்ளூர் மருத்துவமனைக்குப் போய்ப் பாருங்கள்.

வெளிநாட்டில் இருக்கும்போது ஓட்டுப் போட முடியுமா?

தபால் ஓட்டு கிடையாது. படிவம் 6ஏ கொடுத்து வெளிநாட்டு வாக்காளராகப் பதிந்துகொள்ளலாம். ஆனால் தேர்தல் நாளில் சொந்த ஊர் வாக்குச்சாவடிக்கு மூலப் பாஸ்போர்ட்டோடு நேரில் வர வேண்டும். 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தின்போது வீடு பூட்டிக் கிடந்தவர்கள் பலருக்குச் சிக்கல் வந்தது. இதுபோன்ற திருத்தம் அறிவிக்கும்போது படிவத்தை வாங்கி நிரப்பித்தர ஊரில் யாரிடமாவது சொல்லி வைத்துவிட்டுப் போங்கள்.